முட்டுச் சுவரில் கரிக்கோடுகள்

பேரையூர்ப் பக்கம் ஒரு பெண் உண்டாகியிருப்பதை "முழுகாம இருக்கா" என்று சொல்வார்கள். மாதத் தீட்டு முடிந்து தலைமுழுகி வீட்டுக்குள் ஏறும் நாள் அவளுக்கு அந்த மாதம் வரவில்லை என்று அர்த்தம். தமிழ்நாட்டில் வேறு பல ஊர்களிலும் இந்தச் சொல் உண்டு. எங்கள் பக்கத்துச் சில ஊர்களில் அந்த முழுக்கை ஊரே பார்க்கும். யார் என்றைக்குத் தூரமானாள், எத்தனை நாள் உட்கார்ந்தாள், யாரை இந்த மாதம் காணோம் என்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும். அங்கே தூரமான பெண்களுக்கென்றே தனியாக ஒரு வீடு இருக்கிறது. முட்டுவீடு என்பார்கள், முட்டுத்துறை என்றும் சொல்வார்கள்.

நான் இந்தத் தாலுகாவில் முப்பத்தோரு வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். எழுமலை, சாப்டூர், டி.கல்லுப்பட்டி என்று துணை சுகாதார நிலையம் மாறியதே தவிர, பேரையூரைத் தாண்டி வேலைக்குப் போனதில்லை. தடுப்பூசிப் பெட்டியோடும் கர்ப்பிணிப் பதிவேட்டோடும் அலைந்த அத்தனை வருஷமும் முட்டுவீட்டு வாசலைக் கடந்துதான் போய் வந்தேன். அந்த வீட்டைப் பற்றி வெளியூரிலிருந்து வந்து எழுதியவர்கள் தீண்டாமை என்று எழுதினார்கள். அது உண்மை. ஆனால் அந்த வீட்டுக்குள் இன்னொன்றும் இருந்தது. ஓர் ஊரின் பெண்கள் அத்தனை பேருடைய ஹார்மோன் கணக்கும் மாதாமாதம் கண்ணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று. நாள் தள்ளிப் போகிறவள், பதினைந்து நாள் நிற்காமல் போகிறவள், முப்பத்தைந்திலேயே நின்றுபோனவள், வாழ்நாளில் ஒருமுறைகூட அந்த வாசலை மிதிக்காதவள் என்று எல்லாருமே ஊருக்குத் தெரிந்தவர்கள். ஊர் அவர்களைப் பார்த்தது, பேசியது, பேர் வைத்தது. வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம் என்று மட்டும் நினைக்கவில்லை.

வழக்கம் பழசு. புறநானூற்றுப் பாட்டு ஒன்றிலேயே, முருகன் கோட்டத்தில் பாத்திரம் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மாதவிலக்கான பெண்கள் உவமையாக வருகிறார்கள். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் நூலில் தென்னாட்டுச் சாதிகள் பலவற்றின் பூப்புக் குடிசைகள் பதிவாகியிருக்கின்றன. எங்கள் பக்கத்தில் பெண் ஆளானால் தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டுவான். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி என்று சாப்பாடு தனி. மற்ற ஊர்களில் அந்தக் குச்சு சடங்கோடு பிரிந்துவிடும். மாதாமாதம் உட்காருவது வீட்டுத் திண்ணையோடோ மாட்டுக் கொட்டடியோடோ சுருங்கி, பிறகு அதுவும் மறைந்துவிட்டது. சதுரகிரி அடிவாரத்துக்கும் டி.கல்லுப்பட்டிக்கும் நடுவில் கூவலப்புரம் முதலான சில ஊர்களில்தான் ஊர்ப்பொது முட்டுவீடாக நிலைத்தது. ஊரில் குடியிருக்கும் சாமிக்குத் தீட்டு ஆகாது என்பது அங்கே சொல்லும் காரணம். ஆளான பெண்ணும் அங்கேதான், பிள்ளை பெற்றவளும் கைக்குழந்தையோடு அங்கேதான்.

நான் முதலில் பார்த்த முட்டுவீடு மண்சுவர் வைத்த ஓரறை. பிறகு அதைக் காரைக் கட்டடமாக்கினார்கள். வாசலில் வேப்பமரம். அவரவர் தட்டும் டம்ளரும் துணிப்பையில் கட்டி மரக்கிளையில் தொங்கும், வீட்டுப் பாத்திரத்தோடு கலக்கக் கூடாது என்பதற்காக. உள்ளே சுவரில் கதவுக்குப் பக்கமாக அடுப்புக்கரியில் கோடுகள் கிழித்திருந்தன. மூன்று, நான்கு, ஐந்து என்று கொத்துக் கொத்தாக. நாள் கணக்குக்காகப் பெண்கள் போட்டுக்கொண்டது. பெரும்பாலான கொத்துகள் ஐந்தைத் தாண்டவில்லை. ஓரமாக ஒரு வரிசை மட்டும் சாண் நீளத்துக்குப் போயிருந்தது.

அது என் சின்னம்மா கிழித்தது.

என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை அவள். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு ஊர் வைத்திருந்த பேர் பெரும்பாட்டுக்காரி. பெரும்பாடு என்பது நிற்காத உதிரப்போக்குக்குச் சித்த வைத்தியத்தில் உள்ள பழைய பேர். மாதத்தில் பாதி நாள் முட்டுவீட்டில்தான் இருப்பாள். "ஒங்க சின்னாத்தாளுக்கு அங்கதான் பட்டா போட்டிருக்கு" என்று தெருவில் என்னிடமே சொன்னார்கள். அவள் புருஷன் பருத்திக் காட்டு வேலையையும் சமையலையும் ஒற்றையாகப் பார்த்துக்கொண்டு, வாசலில் சோற்றை வைத்துவிட்டுத் தூர நின்று குரல் கொடுப்பார்.

1991-இல் நான் வேலைக்கு வந்து நாலாவது வருஷம். பையில் சாலி ஹீமோமீட்டர் இருந்தது. இப்போது உள்ளவர்களுக்கு அது தெரியாது. கோடு போட்ட கண்ணாடிக்குழாய் ஒன்று, ரெண்டு பக்கமும் காப்பித்தண்ணி நிறத்தில் கண்ணாடிப் பட்டை, நடுவில் குழாயைச் செருக இடம். குழாயில் கொஞ்சம் ஆசிட் விட்டு, விரலைக் குத்தி எடுத்த ரத்தத்தை அதில் ஊதி, பத்து நிமிஷம் வைத்து, பிறகு வாலைநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ரெண்டு நிறமும் ஒன்றாகும்வரை கலக்க வேண்டும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் ரத்த அளவு. பெண்ணுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும்.

நான் முட்டுவீட்டுக்குள் போனதும் சின்னம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "தொடாத தாயி, நீ ஊருக்குள்ள போகணும்ல" என்றாள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெடித்த பருத்திக்காய் மாதிரி வெள்ளை. விரலைக் குத்தினால் ரத்தம் எழும்பவே நேரமாயிற்று. குழாயில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விடுவதற்குள் நிறம் ஒத்துப்போய்விட்டது. ஐந்தரை. அந்த ஐந்தரையோடுதான் அவள் முட்டுவீட்டிலிருந்து அடிபம்புக்கு நடந்து குடம் சுமந்துகொண்டிருந்தாள். நான் வெளியே வந்ததும் ஒரு பெரியம்மா, குளித்துவிட்டுத் தெருவுக்குள் வா என்று சொன்னாள். அடிபம்பில் தண்ணீர் அடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். ஈரச் சேலையோடு சின்னய்யாவைக் கூப்பிட்டு, மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போக வண்டி பேசச் சொன்னேன்.

அவளுக்கு இருந்தது செய்வினை இல்லை, உடம்புச் சூடும் இல்லை. சினைப்பையிலிருந்து ரெண்டு சுரப்புகள் வருகின்றன. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்தோலை வளர்க்கும். கருமுட்டை வெடித்த பிறகு வரும் புரோஜெஸ்டரோன் அந்த வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்தும். புரோஜெஸ்டரோன் இறங்கும்போது தோல் உரிந்து வெளியேறுகிறது, அதுதான் தீட்டு. நாற்பதைத் தாண்டிய பல பெண்களுக்குச் சில மாதம் முட்டை வெடிக்காது. ஆளான புதிதில் சிறுபெண்களுக்கும் அப்படித்தான். முட்டை வெடிக்காவிட்டால் புரோஜெஸ்டரோன் இல்லை. தண்ணீர் பாய்ந்துகொண்டே இருந்து பறிக்க ஆளில்லாத நாற்றங்கால் மாதிரி உள்தோல் வளர்ந்துகொண்டே போகும். நாள் தள்ளும், பிறகு ஒருநாள் அங்கங்கே சரிந்து நிற்காமல் கொட்டும். நாள் தள்ளுவதும் நாள்கணக்கில் போவதும் பல சமயம் ஒரே கோளாறின் ரெண்டு முகம். வருஷக்கணக்கில் இப்படியே விட்டால் அந்தத் தோலில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

பெரியாஸ்பத்திரியில் ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, புற்று இல்லை என்று உறுதிப்பட்ட பிறகு மாத்திரை கொடுத்தார்கள். சின்ன வெள்ளை மாத்திரை, பேர் நாரெத்திஸ்டரோன். பத்து நாளில் நின்றது. நாலு வருஷம் கழித்துத் தீட்டு தானாகவே ஓய்ந்து, அவள் எழுபது தாண்டியும் இருந்தாள்.

அந்த மாத்திரைக்கும் எங்கள் தாலுகாவுக்கும் இன்னொரு உறவு உண்டு. சித்திரைத் திருவிழா, பங்குனிப் பொங்கல், ஊர்ச் சப்பரம், கல்யாணம் என்று எது நெருங்கினாலும் பெண்கள் மருந்துக்கடையில் போய் "தள்ளிப்போடுற மாத்திரை" என்று கேட்டு வாங்குவது இதைத்தான். சீட்டு வேண்டாம், கேள்வி கிடையாது. முட்டுவீட்டு ஊர்களில் இதற்குக் கிராக்கி அதிகம். பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்கு, தாலிகட்டும் வீட்டு அத்தைக்கு, மழைநாளில் அந்த அறையில் படுக்கப் பயந்தவளுக்கு என்று வாங்கினார்கள். உடம்பில் புரோஜெஸ்டரோன் இறங்கினால்தான் தீட்டு வரும். வெளியிலிருந்து அதே வேலையைச் செய்யும் மருந்தைக் கொடுத்து இறங்கவிடாமல் வைத்தால் வராது. சூத்திரம் அவ்வளவுதான்.

இந்த மருந்து பிறந்தது 1951 அக்டோபரில், மெக்சிகோ நகரத்தில், சின்டெக்ஸ் என்ற கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். கார்ல் ஜெராசியின் கீழ் வேலை பார்த்த லூயிஸ் மிராமொன்டஸ் என்ற இளைஞர்தான் செய்து எடுத்தார். மூலப்பொருள் அந்த நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கு. கருத்தடை மாத்திரைகளின் கதை அங்கிருந்துதான் வேகமெடுத்தது. இதை நான் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது, சாப்டூர்ச் சந்தைக்கு மலையிலிருந்து வரும் வள்ளிக்கிழங்குதான் மனசில் நின்றது. கிழங்கைத் தின்றால் ஹார்மோன் கிடைக்காது, அதை மாற்றும் வித்தை நம் உடம்புக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாராவது கிண்டிக் கொடுத்துவிடக் கூடாது.

டாக்டர் சொல்லி, பத்துப் பதினைந்து நாள் போடுவதில் பெரும்பாலோருக்குப் பயமில்லை. நான் பார்த்தது வேறு. ஒரு மதினி, கொழுந்தன் கல்யாணத்துக்குத் தொடங்கி, மறுவீடு, குலசாமி பொங்கல் என்று முப்பத்தெட்டு நாள் விடாமல் போட்டாள். நிறுத்திய நாலாம் நாள் கட்டி கட்டியாகப் போனது. இன்னொருத்திக்குக் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து, ரத்தக்குழாயில் கட்டி என்று மதுரையில் கண்டுபிடித்தார்கள். அவள் அம்மாவுக்கும் அந்த நோய் இருந்தது. ஒற்றைத் தலைவலிக்காரி, ஈரல் கெட்டவள், ரத்தம் உறையும் குடும்பத்துக்காரி என்று இந்த மாத்திரை ஆகாதவர்கள் இருக்கிறார்கள். நான் வீடு வீடாகக் கொடுத்த மாலா-என் கருத்தடை மாத்திரைக்குக் கேட்க வேண்டிய கேள்விப் பட்டியல் என் கையில் இருந்தது. இந்த மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கியவளிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இனி எழுதப்போவது ஒரு சிறுபெண்ணைப் பற்றி. ஊரையும் பேரையும் சொல்லப் போவதில்லை.

2009 என்று நினைவு. முட்டுவீட்டில் பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போயிருந்தேன். மூலையில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி முழங்காலில் தலையை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் கிளம்பும்போது பின்னாலேயே வேப்பமரம்வரை வந்தாள்.

"நர்சம்மா, யாருகிட்டயும் சொல்லிராதீக."

"சொல்லு தாயி."

"எனக்கு ஒண்ணும் வரல. அஞ்சு மாசமாச்சு. சும்மாதான் வந்து உக்காந்திருக்கேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் விளங்கியது. முந்தின வருஷம் ரெண்டு மாதம் அவள் முட்டுவீட்டுக்கு வரவில்லை. கல்யாணமாகாத பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெருவில் பேச்சு எழுந்துவிட்டது. பேச்சு காதில் விழுந்த அன்று ராத்திரி அவள் அம்மாவே, "போயி மூணு நாளு உக்காந்து எந்திரிச்சு வா" என்று பையைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அதுமுதல் மாதாமாதம் ஒரு தேதியைத் தானே வைத்துக்கொண்டு, வராத தீட்டுக்கு வந்து உட்கார்ந்து, கறைபடாத துணியைக் காயவைத்து, நாலாம் நாள் தலைமுழுகிப் போய்க்கொண்டிருந்தாள். சுவரில் கரிக்கோடும் கிழித்திருந்தாள், மற்றவர்கள் பார்க்க.

சேலைத் தலைப்பால் தாடையை மூடியபடியேதான் பேசினாள். விலக்கிப் பார்த்தேன். தாடையில் முடி, சவரம் செய்த தடம். பின்கழுத்தில் கறுப்புப் பட்டை. அழுக்கு என்று நினைத்து, பீர்க்கங்கூட்டால் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. "எவ்வளவு தேச்சாலும் போக மாட்டேங்குது நர்சம்மா" என்றாள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் தேவைக்கு மேல் ஓடுவதைத் தோல் காட்டும் அடையாளம். அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண் சுரப்பை அதிகமாகச் சுரக்கவைக்கும். ஆண் சுரப்பு எல்லாப் பெண்ணுக்கும் கொஞ்சம் உண்டு. அளவு மீறினால் முடியும் பருவும் வரும், முட்டை வெடிப்பது தடைப்படும், நாள் தள்ளும். முதிராத முட்டைப் பைகள் முத்துமாலை மாதிரி சினைப்பை ஓரத்தில் வரிசை கட்டி நிற்பதால் ஜனங்கள் இதை நீர்க்கட்டி என்கிறார்கள். 1935-இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற ரெண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பார்த்து எழுதிய கட்டுரைதான் இந்த நோய்க்கு முதல் அடையாளம் கொடுத்தது. நீர்க்கட்டி என்ற பேரால் வயிற்றில் ஏதோ கட்டி, வெட்டி எடுத்தால் போய்விடும் என்ற நினைப்பு பரவிவிட்டது. இது உடம்பு முழுக்கச் சம்பந்தப்பட்டது. பின்னாளில் சர்க்கரை வரும், ரத்தக்கொதிப்பு வரும், மனசும் சோர்ந்துபோகும்.

அவளை உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றி நானே கூட்டிப் போனேன். அம்மாவிடம் ரத்தக்குறைவு என்று மட்டும் சொல்லச் சொன்னாள், அப்படியே சொன்னேன். நடை, எடைக் குறைப்பு, சர்க்கரைக்குக் கொடுக்கும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உள்தோல் உரிய ஹார்மோன் மாத்திரை. எட்டாம் மாதம் நான் அந்தப் பக்கம் போனபோது முட்டுவீட்டு வாசலில் நின்று கையை ஆட்டினாள். "நெசமாவே நர்சம்மா" என்று கத்தினாள். அந்த வீட்டில் உட்கார ஒரு பெண் அத்தனை சந்தோஷப்பட்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இன்றுவரை அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

முட்டுவீட்டிலிருந்து தப்பிக்கப் பெண்கள் கண்ட இன்னொரு வழி கத்தி. பிள்ளை பெற்றாயிற்று, குடும்பக் கட்டுப்பாடும் ஆயிற்று, இனி எதற்கு இந்தப் பை என்று முப்பது முப்பத்தைந்திலேயே கருப்பையை எடுத்துக்கொண்டார்கள். "பைய எடுத்துட்டா அந்த வாசல மிதிக்க வேணாம்ல" என்று என்னிடம் சொன்னவர்களை விரல்விட்டு எண்ண முடியாது. கருப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஐம்பது வயதில் மெல்ல மெல்ல வர வேண்டிய ஓய்வு ஒரே ராத்திரியில் வந்துவிடுகிறது. திடீரென்று முகத்தில் அனல் ஏறும், தூக்கம் கெடும், எலும்பு தேயும், இருதயத்துக்கும் கேடு கூடும். முப்பத்து நாலில் எடுத்துக்கொண்ட ஓர் அக்காவுக்கு, நாற்பத்தேழில் களைவெட்டப் போய் வரப்பில் வழுக்கி உட்கார்ந்ததற்கே இடுப்பெலும்பு முறிந்தது. எதை எதை எடுத்தார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, கையில் இருந்த சீட்டிலும் இல்லை. தேவையில்லாமல் கருப்பை எடுப்பது நாடு முழுக்க நடந்து, உச்சநீதிமன்றம்வரை போயிற்று. 2023 ஏப்ரலில் அந்த நீதிமன்றம், மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது. எங்கள் அக்கா அதற்குள் ஊன்றுகோலுக்குப் பழகியிருந்தாள்.

அந்த வாசலை மிதிக்கவே மிதிக்காதவர்களும் உண்டு. ஆளாகாத பெண்ணுக்கு இருசி என்று ஒரு பழைய சொல் அகராதியிலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதை வசவாகத்தான் கேட்டிருக்கிறேன். சிலர் கருப்பை இல்லாமலே பிறக்கிறார்கள். சிலருக்கு உடம்பின் அணுக்களில் ஆண் குறியீடு இருந்தும், சுரக்கும் ஆண் சுரப்பை உடம்பு ஏற்காததால் பெண்ணாகவே வளர்கிறார்கள். புதுக்கோட்டை கத்தக்குறிச்சியிலிருந்து ஓடி வந்து 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய சாந்தியிடமிருந்து, பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் துணை நிலையத்துக்கு ஒரு தாய் தன் பதினேழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு இருட்டிய பிறகு வந்தாள். "இவளும் அப்படியாம்மா?" என்று கேட்டாள். மகள் தலை நிமிரவில்லை. ஊரில் அந்தப் பிள்ளையைக் கோயில் வாசலில்கூட விலக்கவில்லை, அவளுக்குத்தான் தீட்டே இல்லையே. ஆனால் அவளுக்குப் பக்கத்தில் உட்காரவும் யாரும் இல்லை. முட்டுவீட்டில் மூன்று நாள் கதைபேசிச் சிரிக்கும் கூட்டம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

2019 ஏப்ரல் 22-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஆண் பெண் என்று உடனே பிரித்தறிய முடியாத உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு, பெற்றோர் சம்மதித்தாலும், உடலைத் திருத்தும் அறுவை செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அதே வருஷம் ஆகஸ்ட்டில் தமிழக அரசு அதை ஆணையாக்கியது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. மதுரையைச் சேர்ந்த கோபி ஷங்கர் இதற்காக வருஷக்கணக்கில் போராடியவர். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்று அந்தத் தாயைத் தேடிப் போனேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய் ஆறு வருஷமாகிவிட்டது என்றார்கள்.

வேலையில் இருந்த கடைசி வருஷங்களில் நானும் அந்த வீட்டை இடிக்கச் சொல்லிப் பேசியிருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டை அருகே ஆளானதற்காகத் தனிக்குடிசையில் இருந்த ஒரு பிள்ளை தென்னைமரம் விழுந்து செத்துப்போனாள். அந்தச் செய்தித்தாளை எடுத்துப்போய்ப் பெரியவர்களிடம் காட்டினேன். எங்கள் வீடு காரைக்கட்டடம், விழாது என்றார்கள். பெண்களிடம் பேசினால், "மூணு நாளு ரெஸ்ட்டு நர்சம்மா" என்று சிலர் சொன்னார்கள். சாமி குத்தம் என்று சிலர் பயந்தார்கள். சிலர் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். இளம்பெண்களுக்கு அரசு கொடுக்கும் புதுயுகம் நாப்கின் பாக்கெட்டோடு ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் கொடுத்தேன், என் காசில். "கரியில கிழிக்காத, இதுல தேதி எழுது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எனக்குக் காட்டு" என்று சொன்னேன். இருபத்தொரு நாளுக்குள் வந்தாலும், முப்பத்தைந்து நாளைத் தாண்டினாலும், ஏழு நாளுக்கு மேல் நிற்காமல் போனாலும், பதினைந்து வயதாகியும் ஆளாகாவிட்டாலும் என்னிடம் வரச் சொல்லி முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பாதி நோட்டுகள் அடுப்பில் போயின. மீதிப் பாதியில் பதினோரு பெண்களைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

ஓய்வு பெற்ற பிறகு சின்னம்மாவின் கருமாதிக்கு அந்த ஊருக்குப் போனேன். முட்டுவீட்டுக்கு உள்பக்கம் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவள் கிழித்த சாண் நீள வரிசை இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில், ஒரு பிள்ளையின் தோள் உயரத்தில், ஒன்பது கரிக்கோடுகள். யாருடையது என்று வாசலில் இருந்தவர்களைக் கேட்டேன்.

"ஆளாயி ஆறு மாசந்தான் ஆச்சு" என்றாள் ஒருத்தி. "உள்ள தூங்குறா."

கைப்பையைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.